கேசட்டின் வாயில் ஊதலாமா?

1990-களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒரு புதிய விளையாட்டுச் சாதனம் வந்து சேர்ந்தது. அதைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைப்பார்கள். சாதனத்தின் மேற்புறத்தில் நீளமான ஒரு பிளவு இருக்கும். அதில் உள்ளங்கை அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியைச் செருகி விசையைத் தட்டினால் திரையில் மாரியோ ஓடுவான்; காண்ட்ரா வீரர்கள் சுடுவார்கள். சாதனத்தை ‘டி.வி. கேம்’ என்றும், பெட்டியைக் ‘கேசட்’ என்றும் நம் ஊரில் அழைத்தார்கள். பெட்டிக்குள் ஒலிநாடா எதுவும் கிடையாது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

சில நேரம் கேசட்டைச் செருகியும் படம் வராது. அப்போது எல்லாச் சிறுவர்களும் செய்த வைத்தியம் ஒன்றுதான். கேசட்டை வெளியே எடுப்பது, அதன் வாயில் ‘உப்’ என்று ஊதுவது, மறுபடியும் செருகுவது! மதுரையில் ஊதினார்கள்; கடல் கடந்து அமெரிக்காவிலும் ஊதினார்கள். பல முறை படமும் வந்தது.

உங்கள் தந்தையோ மாமாவோ விளையாடிய அந்தச் சாதனம் இன்னும் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். அதை இறக்கி இயக்கிப் பார்க்க உங்களுக்கு ஆசை வரலாம். பொறுங்கள்! ஊதுவது சரியா? உப்புத்தாளால் தேய்ப்பது சரியா? இதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால், முப்பது ஆண்டுகள் பரணில் தாக்குப்பிடித்த பொருள் ஐந்தே நிமிடத்தில் கெட்டுப்போகக்கூடும். இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் காண்போம்.

கேசட்டின் 60 பட்டைகள்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ‘ஃபேமிகாம்’ என்ற சாதனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப் பார்த்துப் பிறர் செய்த நகல்களே 1990-களில் நம் நாட்டில் பெருமளவில் விற்பனையாயின. ஃபேமிகாம் கேசட்டின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். பச்சை அல்லது பழுப்பு நிற அட்டை ஒன்றின் விளிம்பு தெரியும். அந்த விளிம்பில், ஒரு பக்கத்துக்கு 30 வீதம் 60 உலோகப் பட்டைகள் வரிசையாக இருக்கும். கேசட்டைச் செருகும்போது, சாதனத்தின் உள்ளே இருக்கும் 60 சிறு ஸ்பிரிங் தகடுகள் இந்தப் பட்டைகளைப் பற்றிக்கொள்ளும். இவற்றையே பழுதுபார்ப்பவர்கள் ‘பின்’ என்கிறார்கள்.

அட்டையின் நடுவே நினைவகச் சில்லு இருக்கிறது. மலிவான கேசட்டுகளில் அது கறுப்பு மெழுகுத் துளி போன்ற ஒரு பூச்சுக்கு அடியில் மறைந்திருக்கும். விளையாட்டு முழுவதும் எண்களாக அந்தச் சில்லில் பதிந்திருக்கிறது. இந்தப் பதிவு தொழிற்சாலையில் சில்லைச் செய்யும்போதே அமைந்துவிடுவது, எளிதில் அழியாது. ஆகவே பழைய கேசட் இயங்கவில்லை என்றால் சில்லைச் சந்தேகிக்கும் முன் விளிம்பைச் சந்தேகிக்க வேண்டும். எண்கள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

60 பட்டைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சாதனத்தில் கணக்கிடும் சில்லு ஒன்று, படம் வரையும் சில்லு ஒன்று என இரண்டு முக்கியச் சில்லுகள் உள்ளன. கணக்கிடும் சில்லுக்கு, ‘எந்த அறையில் உள்ள எண் வேண்டும்?’ என்று கேட்க 15 பட்டைகளும், அந்த எண்ணைப் பெற 8 பட்டைகளும் தேவை. படம் வரையும் சில்லுக்குக் கேட்க 14, பெற 8. ஆக 45 பட்டைகள். மீதியுள்ளவை மின்சாரம், கட்டுப்பாட்டுக் குறிப்புகள், ஒலி ஆகியவற்றுக்காக.

இது தெரிந்தால் நோய் எங்கே என்று ஓரளவு ஊகிக்கலாம். திரை ஒரே நிறமாக நின்று விளையாட்டே தொடங்காவிட்டால் கணக்கிடும் சில்லின் பட்டைகளிலோ மின்சாரப் பட்டைகளிலோ கோளாறு. விளையாட்டு ஓடுகிறது, ஆனால் உருவங்கள் சிதைந்து, எழுத்துகள் கலைந்து தெரிகின்றன என்றால் படம் வரையும் சில்லின் பட்டைகளில் கோளாறு. ஃபேமிகாமில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாதனத்தில் உண்டாகும் ஒலி, ஒரு பட்டை வழியாகக் கேசட்டுக்குள் போய், அடுத்த பட்டை வழியாகத் திரும்பி வந்து, அதன் பிறகே தொலைக்காட்சிக்குச் செல்கிறது. படம் நன்றாக இருந்து ஒலி மட்டும் இல்லை என்றால் அந்த இரண்டு பட்டைகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஒரே ஒரு பட்டை தவறினால்?

அறுபதில் ஒன்றுதானே என்று நினைக்கிறீர்களா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஃபேமிகாமின் கணக்கிடும் சில்லு, 6502 என்ற புகழ்பெற்ற நுண்செயலியின் வழிவந்தது. அதற்குக் கட்டளைகள் எல்லாம் எண்களே. 169 என்ற எண் வந்தால், ‘அடுத்து வரும் எண்ணையே எடுத்துக்கொள்’ என்று பொருள். 173 வந்தால், ‘அடுத்து வரும் இரண்டு எண்கள் காட்டும் முகவரிக்குப் போய், அங்கே இருப்பதை எடுத்துக்கொள்’ என்று பொருள்.

இந்த எண்களை இரும எண்களாக எழுதுங்கள். 169 என்பது 10101001. 173 என்பது 10101101. எட்டு இலக்கங்களில் ஒன்றே ஒன்றுதான் வேறுபடுகிறது! ஒவ்வோர் இலக்கமும் ஒரு பட்டை வழியாக வருகிறது. அந்த ஒரு பட்டை சரியாகத் தொடாமல் போய், 0 வரவேண்டிய இடத்தில் 1 வந்துவிட்டால் 169 என்பது 173 ஆகிவிடும். ‘இந்தா, பத்து ரூபாய்’ என்று கையில் கொடுப்பதற்குப் பதிலாக, ‘மேலமாசி வீதியில் பத்தாம் எண் வீட்டில் போய்க் கேள்’ என்று அனுப்பியது போலாகும். அதோடு நிற்காது. முதல் கட்டளைக்குப் பின் ஓர் எண்ணை எடுக்க வேண்டிய சில்லு, இப்போது இரண்டு எண்களை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு வரும் கட்டளைகள் எல்லாம் இடம் பிறழ்ந்து போகின்றன. தடம் மாறிய ரயில் போல விளையாட்டு எங்கோ போய் நின்றுவிடுகிறது.

தொட்டும் தொடாத உலோகங்கள்

இரண்டு உலோகத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் அவை பரப்பு முழுவதும் தொட்டுக்கொண்டிருப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது. அது உண்மையன்று. எவ்வளவு வழவழப்பான உலோகமும் நுண்ணோக்கியின் கீழ் மேடும் பள்ளமுமாகவே தெரியும். நாகமலையைப் பெயர்த்துத் தலைகீழாக யானைமலையின் மேல் கவிழ்த்து வைத்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டும் சில முகடுகளில் மட்டுமே தொடும். மற்ற இடமெல்லாம் இடைவெளிதான் அல்லவா? கேசட்டின் பட்டையும் ஸ்பிரிங் தகடும் தொடுவதும் அப்படியே. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சில முகடுகளின் வழியாகத்தான் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும்.

மின்தொடுகைகளைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ராக்னர் ஹோம் என்ற அறிவியலாளர். தொடும் புள்ளி வட்டமானது என்று கொண்டால், அந்த நெருக்கடியால் உண்டாகும் மின்தடையைக் கணக்கிட எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. உலோகத்தின் தடைத்திறனைப் புள்ளியின் விட்டத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். செம்பின் தடைத்திறன் ஓம்-மீட்டர் அளவில் சுமார் பத்துக் கோடியில் 1.7 பங்கு என்று சொல்வதைவிட, விடையையே சொல்லிவிடலாம். 20 மைக்ரான் விட்டமுள்ள ஒரே ஒரு செம்புப் புள்ளி தூய்மையாகத் தொட்டால், அங்கே உண்டாகும் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. 20 மைக்ரான் என்பது நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. பட்டை முழுவதும் கண்ணாடி போலப் பளபளக்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத சில புள்ளிகள் தூய்மையாக இருந்தால் போதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

டார்ச் விளக்கின் பல்பு ஒன்று, இரண்டு டார்ச் செல்கள், சில மின்கம்பித் துண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுப்பட்டுக் கறுத்துப்போன பழைய செம்புத் தகடோ பித்தளைச் சாவியோ ஒன்று வேண்டும். செல்களையும் பல்பையும் தொடராக இணையுங்கள். சுற்றின் ஒரு முனையைச் சாவியின் வளையத்தில், சுரண்டித் தூய்மையாக்கிய இடத்தில் இறுகச் சுற்றிவிடுங்கள். மறு முனையால் சாவியின் கறுத்த பகுதியை மெல்லத் தொடுங்கள். பல்பு எரியாது, அல்லது மினுக்மினுக்கென்று மங்கலாக எரியும். இப்போது முனையைச் சற்று அழுத்தி இழுங்கள். சட்டென்று பிரகாசமாக எரியும்.

காரணம் என்ன? பல்பின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 3 வோல்ட் மின்னழுத்தத்தில் 0.3 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். தொடும் இடத்தில் இன்னும் 20 ஓம் சேர்ந்தால் மொத்தம் 30 ஓம், மின்னோட்டம் 0.1 ஆம்பியராகக் குறைந்துவிடும். (சூட்டினால் பல்பின் இழையின் தடை மாறுவதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) அழுத்தி இழுத்தபோது கறுப்புப் படலம் கிழிந்து, அடியில் இருந்த உலோகம் தெரிந்தது, தடை போயிற்று.

அடுத்து, ஊசித் தலையளவு இடத்தை மட்டும் சுரண்டி, அங்கே தொட்டுப் பாருங்கள். சாவியின் மற்ற பகுதி முழுவதும் கறுப்பாகவே இருந்தாலும் பல்பு முழு ஒளியுடன் எரியும். இராக்னர் ஹோமின் கணக்கை உங்கள் கண்ணாலேயே கண்டுவிட்டீர்கள்! இந்தச் சோதனைக்கு டார்ச் செல்களை மட்டுமே பயன்படுத்துங்கள். சுவரில் உள்ள மின்சாரத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

படலம் எங்கிருந்து வருகிறது?

உலோகங்கள் காற்றில் சும்மா இருப்பதில்லை. செம்பு, ஆக்சிஜனுடன் சேர்ந்து ஆக்சைடாகிறது. கந்தகச் சேர்மங்கள் இருந்தால் சல்ஃபைடாகிக் கறுக்கிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பதும் கந்தகத்தால்தான். வெள்ளீயத்தின் மேலும் மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகும். ஆனால் அது எளிதில் நொறுங்கக்கூடியது. தங்கம் மட்டும் இதற்கெல்லாம் அசைவதில்லை. மதுரைத் தெற்காவணி மூல வீதியின் நகைக் கடைகளில் பாட்டியின் காலத்துத் தங்கக் காசை எடுத்துக் காட்டினாலும் அது மஞ்சளாகவே மின்னும்.

இதனால்தான் நல்ல கேசட்டுகளின் செம்புப் பட்டைகளுக்குத் தங்க முலாம் பூசினார்கள். விலையைக் குறைக்க நினைத்தவர்கள் வெள்ளீயமோ ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசையோ பூசினார்கள். நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசுவது உண்டல்லவா? அந்தப் பூச்சும் உண்மையில் வெள்ளீயமே. செம்பைக் காக்க வெள்ளீயப் போர்வை போர்த்தும் தந்திரம் பாத்திரத்துக்கும் கேசட்டுக்கும் பொது.

முலாம் இருந்தும் படலம் எப்படி வருகிறது? முதலாவது, தூசு. வைகை வறண்டு கிடக்கும் கோடையில் மதுரையின் தூசைச் சொல்ல வேண்டியதில்லை. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டுப் புழுதியும் அப்படியே. இரண்டாவது, நம் விரல். விரலில் வியர்வை உண்டு. வியர்வையில் உப்பு உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கிவிடும். ஐப்பசி மழையில் அடுக்களை உப்பு ஜாடி நீர்விட்டுக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கேசட்டின் மேல் பதிந்த விரல் ரேகையிலும் அதுவே நடக்கிறது. உப்பு நீர், செம்பு, முலாம் மூன்றும் சேர்ந்து ஒரு மிகச் சிறிய மின்கலமாக மாறிச் செம்பை அரிக்கின்றன.

இந்த அரிப்பை ‘அரிமானம்’ என்பார்கள். மதுரைக்குக் கிழக்கே காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முக்கிய ஆய்வுத் துறைகளில் அரிமானமும் ஒன்று. கடற்காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்பதை அறிய மண்டபத்தில் அந்நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. பாலத்தின் இரும்பை அரிப்பதும் கேசட்டின் செம்பை அரிப்பதும் அடிப்படையில் ஒரே வேதியியல்தான்.

சுவர் சுவிட்சுக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை?

உங்கள் வீட்டு மின்விசிறியின் சுவிட்சை யாரும் துடைப்பதில்லை. ஆனாலும் அது பல ஆண்டுகள் வேலை செய்கிறது. அதன் உள்ளேயும் படலம் உண்டாகத்தான் செய்கிறது. ஆனால் அங்கே இருப்பது 230 வோல்ட். மெல்லிய படலத்தை அந்த மின்னழுத்தம் துளைத்துவிடும். ஒவ்வொரு முறை தட்டும்போதும் எழும் சிறு பொறியும் படலத்தை எரித்துவிடும்.

கேசட்டில் இருப்பதோ வெறும் 5 வோல்ட்; பாய்வதும் மிகச் சிறிய மின்னோட்டம். பொறி எழ வழியே இல்லை. படலம் சற்றுத் தடித்தால் அதைத் துளைக்க அந்த 5 வோல்ட்டுக்கு வலிமை போதாது. ஆகவே இங்கே படலத்தைக் கிழிக்கும் வேலையை உராய்வுதான் செய்ய வேண்டும். கேசட்டைச் செருகும்போது ஸ்பிரிங் தகடு பட்டையின் மேல் அழுந்தித் தேய்த்துக்கொண்டே செல்கிறது. இந்தத் தேய்ப்பு தற்செயல் அன்று. பொறியியலாளர்கள் வேண்டுமென்றே அமைத்த துடைப்பம் அது!

ஊதியபோது நடந்தது என்ன?

இப்போது உங்களுக்கே விடை தெரிந்திருக்கும். ஊதுவதற்காகக் கேசட்டை வெளியே எடுத்தார்கள். பிறகு மறுபடியும் செருகினார்கள். அந்த இரண்டு அசைவுகளிலும் தகடுகள் பட்டைகளைத் துடைத்தன. புதிய புள்ளிகள் தொட்டுக்கொண்டன. படம் வந்தது. பாராட்டு ஊதலுக்குப் போயிற்று!

ஊதினால் சிறிது தூசு பறப்பது உண்மையே. ஆனால் நம் மூச்சில் நீராவி நிறைய இருக்கிறது. ஊதும்போது எச்சில் துளிகளும் தெறிக்கின்றன. அவை தூசோடும் உப்போடும் சேர்ந்தால் அரிமானத்துக்குத் தேவையானது எல்லாம் ஓரிடத்தில் கிடைத்துவிடும். இன்று படம் வரும். அடுத்த ஆண்டு பட்டை பச்சை பூக்கும்.

1985-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபேமிகாமின் மாற்று வடிவத்தில் 72 பட்டைகள் கொண்ட கேசட்டை முன்பக்கமாக நுழைத்துக் கீழே அழுத்த வேண்டியிருந்தது. அதன் தகடுகள் விரைவில் தளர்ந்து நன்றாகப் பிடிக்காமல் போயின. ஊதும் பழக்கம் அங்கே பரவியதற்கு அது ஒரு காரணம். கேசட்டுக்குள் ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே சொல்ல வேண்டியதாயிற்று. 1993-இல் வந்த திருத்திய வடிவத்தில் கேசட்டை மேலிருந்து நேராகச் செருகும் முறையே அமைக்கப்பட்டது.

புளி வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம்

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினால் பளபளவென்று ஆகிவிடுகிறது. புளியில் உள்ள டார்ட்டாரிக் அமிலம் ஆக்சைடுப் படலத்தைக் கரைத்துவிடுவதே காரணம். கேசட்டையும் அப்படித் துலக்கலாமே என்று தோன்றும். கூடாது. விளக்கைத் துலக்கியபின் நிறைய நீர் ஊற்றிக் கழுவுகிறோம். கேசட்டில் அமிலமும் புளியின் சர்க்கரையும் இடுக்குகளில் தங்கிவிடும். முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அவற்றின் வழியே அமிலம் இறங்கி அடியில் உள்ள செம்பைத் தின்னும். எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகியவற்றுக்கும் இதுவே விடை.

உப்புத்தாள் இன்னும் மோசம். 400-ஆம் எண் உப்புத்தாளில் உள்ள மணல் பொடியின் அளவு சுமார் 35 மைக்ரான். கேசட்டின் தங்க முலாமோ பெரும்பாலும் ஒரு மைக்ரான் தடிமன்கூட இருப்பதில்லை. மேல்தோலைத் துடைக்க வேண்டிய இடத்தில் மண்வெட்டியால் வெட்டுவது போன்றது இது. இரண்டு இழுப்பில் தங்கம் போய்விடும். தேய்த்த உடனே செம்பு பளிச்சென்று மின்னும். கேசட்டும் அருமையாக இயங்கும். தேய்த்தவருக்கு மகிழ்ச்சி! ஆனால் போர்வை இழந்த செம்பு மழைக்காலம் வந்ததும் கறுக்கும். மறுபடியும் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் செம்பும் மெலியும். கடைசியில் பட்டையே இருக்காது.

சாவிச் சோதனையில் கண்டதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நமக்குப் பளபளப்பு தேவையில்லை. தூய்மையான சில புள்ளிகளே தேவை. ஆகவே விதி இதுதான்: துடையுங்கள், தேய்க்காதீர்கள்.

சரியான முறை

தேவையானவை: சுத்தமான சிறு தூரிகை, பஞ்சுக்குச்சிகள், நூல் பிரியாத மெல்லிய பருத்தித் துணி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். இந்தத் திரவம் மருந்துக் கடைகளில் 70 சதவீதச் செறிவில் கிடைக்கும், மீதி நீர். மின்னணு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் 99 சதவீதத் திரவமே இந்த வேலைக்கு ஏற்றது. அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், விரைவில் ஆவியாகும், தன் அடையாளம் எதையும் விட்டுச்செல்லாது. கை கழுவும் சானிட்டைசர் வேண்டாம். அதில் கிளிசரின், வாசனைப் பொருள் முதலியன கலந்திருக்கும். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். பெட்ரோல் ஆபத்தானது, பிளாஸ்டிக்கையும் கெடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலின் ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தீப்பற்றக் கூடியது. மதுரையில் அதைவிடக் குளிர்ந்த நாள் ஏது? அடுப்பு, ஊதுவத்தி, விளக்கு ஆகியவை அருகில் இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

1. சாதனத்தின் அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேசட்டை வெளியே எடுங்கள்.

2. நல்ல வெளிச்சத்தில் பட்டைகளைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் தங்க முலாம். வெள்ளையாக இருந்தால் வெள்ளீயம். எங்கெங்கே கறுப்பு, எங்கே பச்சை என்று குறித்துக்கொள்ளுங்கள். பட்டைகளை விரலால் தொடாதீர்கள்.

3. கேசட்டின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தூரிகையால் தூசைத் தட்டுங்கள். இதை முதலில் செய்யாவிட்டால் தூசில் உள்ள மணலே உப்புத்தாளாக வேலை செய்யும்.

4. பஞ்சுக்குச்சியைத் திரவத்தில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, பட்டையின் நீளவாக்கில் துடையுங்கள். கேசட் நுழையும் திசையே துடைக்கும் திசை. குறுக்கே துடைத்தால் ஒரு பட்டையின் அழுக்கு அடுத்த பட்டைக்குப் போகும். பஞ்சு கறுத்தால் அதைப் போட்டுவிட்டு வேறு குச்சி எடுங்கள். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை தொடருங்கள். இரண்டு பக்கங்களையும் துடையுங்கள்.

5. சில நிமிடங்கள் உலரவிட்டுச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

6. இன்னும் இயங்காமல், ஒரு பட்டையில் கறுப்பு அகலாமல் இருந்தால் மட்டும், வெள்ளை நிறத்தில் மென்மையாக உள்ள பென்சில் ரப்பரால் அந்தப் பட்டையில் இரண்டு மூன்று முறை மெல்ல இழுங்கள். மையை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் கூடாது. அதில் தேய்ப்புப் பொடி கலந்திருக்கும். ரப்பர் துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டு, மீண்டும் திரவத்தால் துடையுங்கள்.

எந்தக் கேசட்டுமே இயங்காவிட்டால் கோளாறு சாதனத்தின் தகடுகளில் இருக்கலாம். பழைய விசிட்டிங் கார்டு ஒன்றில் மெல்லிய துணியை ஒரு சுற்றுச் சுற்றி, திரவத்தால் லேசாக நனைத்து, பிளவில் நேராக நுழைத்து எடுங்கள். துணியோடு சேர்ந்த தடிமன், கேசட் அட்டையின் தடிமனைவிட மிகக் கூடாது. மிகுந்தால் தகடுகள் விரிந்து பிடியை இழந்துவிடும். முழுவதும் உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

ஜாய்ஸ்டிக்கின் பொத்தான் வேலை செய்யாவிட்டால் அதன் வைத்தியம் வேறு. அங்கே உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. பொத்தானின் அடியில் உள்ள ரப்பரில் கரி கலந்த ஒரு கறுப்பு வட்டம் இருக்கும். அதுதான் மின்சாரத்தைக் கடத்துகிறது. அந்தக் கறுப்பு அழுக்கு அன்று! அதைச் சுரண்டினால் பொத்தான் நிரந்தரமாகச் செத்துவிடும். சற்று ஈரமான துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, உலர வைத்தால் போதும்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறக்க நினைக்காதீர்கள். அதன் உள்ளே பல ஆயிரம் வோல்ட் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் சில பகுதிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

சுத்தம் செய்த கேசட்டை மூடியுள்ள டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் வையுங்கள். மருந்துப் புட்டிகளிலும் புதிய காலணிப் பெட்டிகளிலும் அது கிடைக்கும். கேசட்டுகளை ரப்பர் பேண்டால் கட்டி வைக்காதீர்கள். ரப்பரில் கந்தகம் உண்டு. செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்ய அது போதும்.

இந்த அறிவு டி.வி. கேமுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிக் கணினியின் நினைவகப் பலகையின் விளிம்பைப் பாருங்கள். அதே தங்கப் பட்டைகள். கைபேசியின் சிம் அட்டையில், வங்கி அட்டையின் சில்லில், கால்குலேட்டரின் செல் தொடும் தகட்டில், டார்ச் விளக்கின் அடிமூடியில் என எங்கும் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ‘கெட்டுவிட்டது’ என்று ஒதுக்கிய கருவிகள் சில, ஒரு துளித் திரவத்துக்காகக் காத்திருக்கக்கூடும்.

இந்த மாதம் உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட பத்துத் தொடுகைகளைக் கண்டுபிடித்துப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன உலோகம், எவ்வளவு வோல்ட், எது படலத்தைத் துடைக்கிறது என்று எழுதுங்கள். டார்ச்சின் தகட்டுக்கு ஏன் தங்கம் பூசவில்லை? சிம் அட்டைக்கு ஏன் பூசினார்கள்? விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் உங்கள் விடையைச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.